தீவும் தீபமும்

கோடியக்கரையில் நிலம் முடிகிறது என்பதைப் பூகோளப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும், வேதாரண்யத்தில் பஸ் ஏறி, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களின் வெளுப்பைக் கடந்து, காட்டையும் கடந்து, மணலில் இறங்கி நின்று, கிழக்கே பார்த்தாலும் கடல், தெற்கே திரும்பினாலும் கடல் என்று கண்டுகொள்வதற்கும் உள்ள வித்தியாசம், ஒரு க்ஷேத்திரத்தின் ஸ்தல புராணத்தை வீட்டில் உட்கார்ந்து வாசிப்பதற்கும் அந்த க்ஷேத்திரத்துத் தீர்த்தத்தில் முழுகி எழுவதற்கும் உள்ள வித்தியாசந்தான். வடக்கேயிருந்து வங்கக் கடலோரமாக இறங்கி வந்த கரை இவ்விடத்தில் மேற்கே மடங்கிவிடுகிறது. நீரிணைக்கு அப்புறம் யாழ்ப்பாணம். ஆதி சேது என்று சொல்லி ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஜனங்கள் நீராட வருகிறார்கள். இராமபிரான் நின்று இலங்கையை நோக்கிய இடம் என்று காட்டுக்குள் ஒரு மேட்டில் பாதச் சுவடுகளைக் காட்டுகிறார்கள். சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கோ, குழகர் சந்நிதியில் நின்றபோது பக்தியைக் காட்டிலும் இரக்கமே மேலிட்டிருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் குடிகளில்லாத இந்தக் கடற்கரையில் யாரைத் துணையாக வைத்துக்கொண்டு இப்படி இருக்கிறீர் என்று ஈசுவரனையே விசாரித்துப் பதிகம் பாடிவிட்டார். சகல ஜீவர்களுக்கும் துணை என்று வேதம் முறையிடுகிற ஒருவனைப் பார்த்துத் துணையில்லாமல் இருக்கிறாயே என்று பரிதபிக்கும் உரிமை, தோழமை கொண்டாடிய அவருக்குத்தான் உண்டு.

அந்தக் கோயிலிலிருந்து திரும்பி, மாசி மாதத்து மாலை ஒன்றில், நான் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். மீன்பிடி பருவம் முடியும் தறுவாய். ஐப்பசி தொடங்கி வெளியூர் மீனவர்கள் இங்கே வந்து வாடி போட்டுத் தங்குவது வழக்கமாகையால், அந்த வாடிப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் எதிரெதிராக நின்று பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூரார் சட்டையோடு ஆடினார்கள். வாடிப் பிள்ளைகள் தங்கள் சட்டைகளைக் கழற்றிக் கரையேற்றியிருந்த ஒரு ஃபைபர் படகின் விளிம்பில் போட்டுவிட்டு வெற்றுடம்போடு ஆடினார்கள். சீருடை என்பது அவ்வளவுதான். இரண்டிரண்டு ரப்பர் செருப்புகள் கோல் கம்பங்களாக நின்றன. நிலப்பக்கத்து எல்லையை எவனோ குதிகாலால் கீறியிருந்தான்; கடல்பக்கத்துக்கு அந்த ஆடம்பரமும் கிடையாது, அலை எதுவரை ஏறுகிறதோ அதுவே எல்லை என்பது இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட சாஸ்திரம். ஆகையால் அந்த ஆடுகளம், மூச்சு விடுகிற ஒரு பிராணியின் விலாவைப்போல, க்ஷணத்துக்கு க்ஷணம் அகன்றும் ஒடுங்கியும் கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், இப்படி நிலையற்ற ஒரு கோட்டைப் பற்றி அவர்களுக்குள் விவாதம் எழவே இல்லை. விவாதமெல்லாம் செருப்பைப் பற்றித்தான்.

அலையையே எல்லையாகக் கொண்ட அந்த ஆட்டம், நாலு புறமும் அலையே எல்லையான தேசத்தார் தங்களுக்குள் ஆடுகிற வேறொரு போட்டியை எனக்கு நினைப்பூட்டியது. இந்து மகா சமுத்திரத்துத் தீவுகளின் விளையாட்டு விழா 1979-ஆம் வருஷம் ரியூனியன் தீவில் தொடங்கியது. மொரீசியஸ், ரியூனியன், மடகாஸ்கர், சீஷெல்ஸ், கொமொரோஸ், மயோட், நம் தெற்கே இருக்கிற மாலத்தீவு ஆகியவை அதிலே பங்கு கொள்ளுகின்றன. ஓட்டமும் நீச்சலும் மற்றவையும் உண்டானாலும் ஜனங்களின் நெஞ்சம் துடிப்பது கால்பந்துக்கே. தமிழ்நாட்டைப்போல நான்கரை மடங்கு பரப்புள்ள மடகாஸ்கரும், நம் நடுத்தர நகரம் ஒன்றின் ஜனத்தொகைகூட இல்லாத சீஷெல்ஸும் ஒரே களத்தில் பதினொருவருக்குப் பதினொருவராக நிற்கின்றன. 2011-இல் சீஷெல்ஸே தன் சொந்த மண்ணில் மொரீசியஸை வென்று அந்தப் பதக்கத்தை அணிந்துகொண்டது. கால்பந்தில் பல முறை முதலிடம் பெற்ற ரியூனியனோ, சட்டத்தின் கண்ணில் ஒரு தேசமே அல்ல. அது பிரெஞ்சு நாட்டின் ஒரு ஜில்லா. அங்கே பிறந்த திமித்ரி பாயே என்ற பேர்போன ஆட்டக்காரர் உலகத்தின் முன்னே பிரான்சுக்காக ஆடியவர். மயோட்டும் அப்படியே. 2015-ஆம் வருஷத்து விழாவின் தொடக்கத்தில் மயோட் வீரர்கள் பிரெஞ்சுக் கொடியின்பின் அணிவகுத்து வந்ததைப் பொறாமல், அந்தத் தீவு தன்னுடையது என்று உரிமை கொண்டாடுகிற கொமொரோஸ் விழாவை விட்டே வெளியேறியது. எந்தக் கொடியின்பின் நடப்பது என்பது, எந்தக் கோலில் பந்தடிப்பது என்பதைவிடக் கடினமான பிரச்னையாகிவிடுகிறது.

தீவார் என்றால் யாரோ தூரத்து மனிதர் என்று நாம் நினைப்பதும் பிசகு. ஒவ்வொரு சுபகாரியத்திலும் சங்கற்பம் செய்துவைக்கிற சாஸ்திரிகள் நம்முடைய விலாசத்தைச் சொல்லும்போது ஜம்பூத்துவீபத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்; பழந்தமிழர் அதையே நாவலந்தீவு என்றார்கள். உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்ற ஏழு சமுத்திரங்களில் நமக்கு வாய்த்தது உப்பு. அகஸ்தியம்பள்ளியில் உப்பு வாருகிறவர்கள் அதில் குறை சொல்லமாட்டார்கள்.

இங்கே ஒரு தத்துவ விசாரம் பிறக்கிறது. தன் பக்கம் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன் ஜயத்துக்காக உருகுவது ஆத்மாவுக்கு ஹிதமா, ஹானியா? நம் ஆசாரியர்களில் பெரும்பாலோர் சொல்லக்கூடிய பதில் தெரிந்ததே: அகங்காரமும் மமகாரமும் சம்சாரத்தின் இரட்டைக் கயிறுகள், நான் என்பதற்கு எனது தேகம் போதாதென்று என் ஊர், என் தீவு, என் அணி என்று அந்தக் கயிற்றை நீளமாக்கிக்கொள்ளுவது கட்டுண்டவன் மேலும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுவதற்கு ஒப்பாகும். பலனில் பற்று வையாதே என்ற கீதா வாக்கியத்தை விளையாட்டு விழாக்களில் தலைமை தாங்குகிற பெரியவர்கள் தவறாமல் உபதேசிக்கிறார்கள். பந்து வலைக்குள் விழவேண்டும் என்ற பற்றே இல்லாதவன் எப்படி உதைப்பான் என்பதை அவர்களில் ஒருவரும் விளக்கி நான் கேட்டதில்லை.

புத்த பகவான் பரிநிர்வாணத்துக்குச் சற்று முன்னால் ஆனந்தரிடம் அருளிய உபதேசம் ஒன்று உண்டு. நீங்களே உங்களுக்குத் தீபமாக இருந்துகொள்ளுங்கள் என்று அதைப் பலரும் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் பாலி பாஷையில் விளக்கைக் குறிக்கிற சொல்லும் தீவைக் குறிக்கிற சொல்லும் உருத்தெரியாமல் ஒன்றாய்க் கலந்துவிட்டன. இரண்டும் தீப என்றே வரும். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து உரை செய்த புத்தகோஷர், மகாசமுத்திரத்தின் நடுவிலுள்ள தீவைப்போல என்றே பொருள் கொண்டார். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறவனுக்கு விளக்கினால் என்ன பிரயோஜனம், கால் வைக்க ஒரு திட்டல்லவா வேண்டும் என்பது அவர் கருத்தாக இருக்கலாம். தமிழில் தீவு வேறு, தீபம் வேறு என்று பிரிந்தே நிற்பதனால் இந்தச் சங்கடம் நமக்கு இல்லை. எனினும் கோடியக்கரையில் நிற்கிறவனுக்கு இரண்டு பொருளும் ஒருங்கே தோன்றாமலிருக்காது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இந்தக் கரையில் இருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் பூங்குழலியோடு அதையும் நினைவில் வைத்திருப்பார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து அதைச் சாய்த்தது. கடலின் நடுவே செல்லுகிற மரக்கலத்துக்குக் கரையிலிருக்கும் விளக்கு, அலையிலே தவிப்பவனுக்குத் தீவு என்னவோ அதுவேயல்லவா?

ஆனால் தனக்குத் தானே தீவாக இருப்பது என்ற அந்த உபதேசத்தின் அபாயத்தையும் பௌத்தர்களே அறிந்திருந்தார்கள் என்பதற்கு நம் நாட்டுக் காவியமே சாக்ஷி. மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன் கதையைச் சொல்லுகிறேன். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையிலேந்தியவன் அவன். மரக்கலம் புயலுக்கு ஒதுங்கிய மணிபல்லவத் தீவில் இறங்கியவனை, ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலத்தார் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாருமில்லாத தீவு, கையிலே உலகத்தின் பசியெல்லாம் தீர்க்கக்கூடிய பாத்திரம். தன் ஒருவன் வயிற்றுக்காக அதை ஏந்துவதா என்று மனம் பொறாமல், கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். தனித் தீவாய் வாழ்வதற்கு வேண்டிய சாமக்கிரியை எல்லாம் கையிலிருந்தும், கொடுக்க ஓர் எதிர்க்கை இல்லாத காரணத்தால் வாழ்வே அர்த்தமற்றுப் போனதாக அவன் உணர்ந்தான். சுந்தரர் குழகரைப் பார்த்துக் கேட்ட கேள்வியும், மதம் வேறானாலும், இதே கேள்விதான்.

எதிர்ப்பக்கம் இல்லாமல் பந்தாட்டமும் இல்லை. அதே மணிபல்லவத்தைப் பற்றி அதே காவியம் இன்னொரு விருத்தாந்தமும் சொல்லுகிறது. ஒரு மணிப்பீடத்துக்காக நாகநாட்டு அரசர் இருவர் தம்முள் பொருது நிற்க, புத்தபிரான் தோன்றி, இது என்னுடையது, நீங்கள் போரை ஒழியுங்கள் என்று சொல்லி, தாமே அதன்மேல் அமர்ந்து அறம் உரைத்தார். யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள நயினாதீவே அந்த மணிபல்லவம் என்று சொல்லுவார் உண்டு. நாகபூஷணி அம்மன் கோயிலும் பௌத்த விகாரையும் இன்று அந்தச் சிறிய தீவில் அருகருகே இருக்கின்றன. வெற்றிக் கோப்பைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பீடம் நினைவுக்கு வருகிறது. சண்டையை நிறுத்த வந்தவர் பீடத்தை உடைத்துப் போடவில்லை, இரண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கவில்லை, ஆசையை விடுங்கள் என்று வெறுமனே உபதேசித்துவிட்டுப் போகவுமில்லை. அதன்மேல் உட்கார்ந்தார். பற்றின் விஷயம் அப்படியே இருந்தது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது மட்டும் ஸ்தாபிதமாயிற்று.

இந்த நுட்பம் கைவராமற்போனால் என்ன நேரும் என்பதற்கு மொரீசியஸ் ஒரு வியாகூலமான திருஷ்டாந்தம். அந்தத் தீவின் கால்பந்துச் சங்கங்கள் நெடுங்காலம் ஜாதி மத அடையாளங்களோடே வளர்ந்தவை. இந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கௌட்ஸ் என்று பெயரிலேயே சமூகத்தைத் தாங்கிய சங்கங்கள் இருந்தன. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம்மவரின் சந்ததியார்க்குத் தமிழ் கேடட்ஸ் என்று ஒன்று இருந்தது. கிரியோல் ஜனங்களின் அபிமானம் ஃபயர் பிரிகேட் அணிக்கு. 1980-களில் அரசாங்கம் தலையிட்டு, இந்து என்ற சொல்லையும் முஸ்லிம் என்ற சொல்லையும் பெயர்ப் பலகையிலிருந்து நீக்கச் செய்தது. பலகையில் போனது பார்வையாளர் மனத்தில் போகவில்லை. 1999 மே 23-ஆம் தேதி ஸ்கௌட்ஸுக்கும் ஃபயர் பிரிகேடுக்கும் நடந்த, அந்த வருஷத்து முதலிடத்தைத் தீர்மானிக்கிற ஆட்டத்தின் பிற்பாடு கலகம் மூண்டது. போர்ட் லூயி நகரத்தில் லாமிகால் என்ற சூதாட்ட மனைக்குத் தீ வைக்கப்பட்டு, குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். ஆட்டத்துக்கும் அந்த மனைக்குள் இருந்தவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உள்நாட்டுப் பந்தாட்டம் ஒரு வருஷத்துக்கும் மேலாக நிறுத்திவைக்கப்பட்டது. பழைய சங்கங்கள் போய், பிரதேசங்களின் பேரால் புதிய அணிகள் எழுந்தன. விவேகமான ஏற்பாடு, இதைவிட நியாயமானதை நானும் யோசித்துச் சொல்ல முடியாது. ஆனால் மைதானங்கள் காலியாகிவிட்டன. பல்லாயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்த இடத்தில் சில நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சியில் இங்கிலாந்து தேசத்து அணிகளுக்காகக் கூச்சலிடலானார்கள். விளையாட்டைத் துவேஷத்திலிருந்து மீட்டுவிட்டார்கள், நல்லது. மீட்டுக் கொண்டுவந்து பார்த்தால் அதற்குள் உயிர் சொற்பமாகவே மிஞ்சியிருந்தது. பற்றை நீக்கினால் மிஞ்சுவது சாந்தி என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? காலி பெஞ்சுகளின் மௌனத்தைச் சாந்தி என்று எண்ணிக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதே ஜனங்கள் தீவுகளின் விழா வரும்போது வேறு மனிதர்களாகிவிடுகிறார்கள். 1985-இலும் 2003-இலும் தங்கள் மண்ணிலேயே நடந்த விழாக்களில் மொரீசியஸ் கால்பந்தில் முதலிடம் பெற்றபோது, எந்தத் தெருவில் எந்தச் சமூகம் குடியிருக்கிறது என்ற கணக்கை அத்தீவார் சில நாட்களுக்கு மறந்தே போனார்கள். அந்த நாட்களை இன்றும் ஒரு பொற்காலம்போல அவர்கள் நினைவுகூர்கிறார்கள். சில நாட்களுக்குத்தான், அதற்குமேல் நீடிக்கவில்லை என்று சலித்துக்கொள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கோ அந்தச் சில நாட்கள் என்பதிலேயே விஷயம் அடங்கியிருக்கிறதென்று தோன்றுகிறது.

காவிரிக் கரை ஊர்களில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதி நடத்துகிறவர்கள் காப்புக் கட்டிக்கொள்ளுவார்கள். மஞ்சள் கிழங்கை மஞ்சள் நூலில் முடிந்து மணிக்கட்டில் கட்டியது முதல் அதை அவிழ்க்கிறவரை, காப்புக் கட்டியவன் தன் சாமானியமான வாழ்வுக்குச் சொந்தக்காரன் அல்லன்; ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, உண்பதற்கும் உறங்குவதற்கும் நியமம் உண்டு. பாரதக் கதை நடக்கும். படுகளத்தன்று மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்து அவன் தொடையைப் பிளப்பார்கள். துரியோதனன் வேஷம் கட்டியவனைக் கண்டால் பெண்கள் மெய்யாகவே மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்த வசையில் பாவனை கிடையாது, அசல் கோபம். காப்பு அவிழ்த்த மறுநாள் அதே மனிதன் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவான். வருஷத்தில் பத்து நாள் பாண்டவர் பக்கம் என்பது அவ்வூராருக்குச் சத்தியம். பதினோராம் நாள் அது சத்தியம் அன்று. இரண்டுக்கும் இடையே அவர்களுக்கு ஒரு முரண்பாடும் தெரிவதில்லை. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறி ரியூனியனுக்குக் கரும்பு வெட்டப் போன நம் ஜனங்கள், பேசுகிற தமிழை இரண்டு மூன்று தலைமுறைக்குள் இழந்துவிட்டபோதிலும், இந்தப் பாஞ்சாலியை இழக்கவில்லை. பாந்தியாலே என்று பேர் திரிந்துபோன அவளுக்கு இன்றும் அங்கே தீமிதி நடக்கிறது.

பக்கம் சேருவது ஹிதமா ஹானியா என்ற கேள்விக்கு இந்தக் காப்புக் கயிற்றைத்தான் நான் பதிலாகக் காட்டுவேன். மமகாரம் கெடுதி என்பது அதைக் கட்டிக்கொள்ளுவதால் அல்ல, கட்டிக்கொண்டது எப்போது அவிழும் என்ற ஏற்பாடு இல்லாமையால். தேகத்தையே அப்படிக் கட்டிய ஒன்றாகக் கொள்ளச் சொல்லுகிற வேதாந்திக்கு இது புதிய செய்தியாக இராது. லாமிகாலில் தீ வைத்தவர்களுக்கு, ஊதல் ஊதி ஆட்டம் முடிந்தபின்பும் காப்பு அவிழவில்லை. கொடியை மடித்து வைக்கத் தெரியாதவன் கையில் கொடியும் ஓர் ஆயுதந்தான். காப்பே கட்டாமல் ஆட வந்தவர்களுக்கோ, மைதானத்தில் மிதிப்பதற்குத் தீயே இல்லை.

2019-ஆம் வருஷத்து விழா மறுபடி மொரீசியஸில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிர்ப்பட்டவர்கள் மொரீசியஸும் ரியூனியனும். இரு தீவுகளிலுமே நம் கரையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டம் சமனாகிப் பெனால்டிக்குப் போயிற்று. பெனால்டி என்பதைத் தத்துவ மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் பதினொருவராய் ஓடியவர்கள் நடு வட்டத்தில் தோள்மேல் தோள் போட்டு நின்றுவிட, ஒருவன் மாத்திரம் கூட்டத்தினின்றும் பிரிந்து, அந்த நீண்ட புல்வெளியைத் தனியே நடந்து, கோலுக்குப் பன்னிரண்டு கஜத்தில் பந்தை வைக்கிறான். ஒரு தேசத்தின் ஆசை முழுவதும் அவன் காலில். துணையாக யாரும் இல்லை. அந்த நேரத்தில் அவன் தீவுகளுக்குள் ஒரு தீவு. உமக்கு இங்கே யார் துணை என்று அவனைப் பார்த்துக் கேட்கவும் ஒரு சுந்தரர் வேண்டும். மொரீசியஸ் தோற்றது. 2011-இலும் அது இப்படிப் பெனால்டியில்தான் தோற்றிருந்தது. அவ்வளவு பேர் அழுத அந்த இரவில், நான் அறிந்தமட்டில், யாரும் எதற்கும் தீ வைக்கவில்லை.

கோடியக்கரையில் அந்த மாலை, அலை ஒன்று வழக்கத்துக்கு மேல் ஏறி வந்து, கோல் கம்பமாக இருந்த ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பமில்லாத அந்த இடைவெளி வழியாகத்தான் அடுத்த பந்து போயிற்று. கோல் என்றார்கள் சட்டையில்லாதவர்கள். கம்பமே இல்லை, எங்கிருந்து கோல் என்றார்கள் சட்டைக்காரர்கள். நியாயம் கேட்டு இருவர் என்னை நோக்கி வரவும், புத்தரைப்போலப் பீடத்தில் ஏறி அமர எனக்கு யோக்கியதை போதாதென்று நான் கடலைப் பார்க்கிறவன்போல் திரும்பிக்கொண்டேன். இருட்டிவிட்டது. இப்போதுள்ள கலங்கரை விளக்கத்தின் ஒளி ஒருமுறை மணல்மேல் துடைத்துக்கொண்டு போயிற்று. வாடியிலிருந்து ஒரு தாய் பேர் சொல்லிக் கூப்பிட, வெற்றுடம்புக்காரர்கள் படகின் விளிம்பிலிருந்து தங்கள் சட்டைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கும்பலில் யார் எந்தப் பக்கம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“எத்தனைக்கு எத்தனைப்பா?” என்று பொதுவாகக் கேட்டேன்.

“மூணுக்கு ரெண்டு, தாத்தா” என்றான் ஒருவன்.

“ரெண்டுக்கு ரெண்டு” என்றான் அவன் தோளில் கை போட்டிருந்தவன்.

மூன்றாமவன் எங்கள் பேச்சைக் காதில் வாங்காமல், முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து, தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.